சொல்லாமல் பொருத்திய கேம்ஷாஃப்ட்

மைக்ரோ தன் மனைவியிடம் சொன்னது ஒரே ஒரு பொய் என்பது அவன் கணக்கு. பிரித்து எண்ணினால் நாலு தேறும். நாலையும் ஒரே மாதத்துக்குள் சொல்லி முடித்துவிட்டு, அதற்கப்புறம் மூன்று வருடம் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டான்.

அவனுடைய நிஜப் பெயரைக் கேட்டால் அவன் மைத்துனனே கொஞ்சம் யோசிப்பான். எதைக் கையில் எடுத்தாலும் மைக்ரோமீட்டரை வைத்து அளக்காமல் கீழே வைக்க மாட்டான், அதனால் மைக்ரோ. கல்யாணத்துக்கு மோதிரம் வாங்கும்போது பெண்ணின் விரலையே மைக்ரோமீட்டரில் பிடித்து அளந்தான் என்று ஒரு கதை உண்டு. கதை இல்லை, நிஜம். அந்த மோதிரம் இன்றைக்கும் அவள் விரலில் இம்மி பிசகாமல் நிற்கிறது.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை. பந்தயக் கார்களின் எஞ்சின்களைப் பிரித்து, தேய்த்து, அளந்து, மறுபடி கூட்டித் தருவது அவன் தொழில். சுவரில் ஒவ்வொரு ஸ்பானருக்கும் அதன் உருவத்தைப் பெயிண்டில் வரைந்து வைத்திருப்பான். ஒன்று இடம் மாறித் தொங்கினாலும் அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்காது. கூட்டி முடித்த எஞ்சின் ஒவ்வொன்றுக்கும் விவரச் சீட்டு ஒன்று உண்டு. பிஸ்டன் என்ன அளவு, வால்வு என்ன அளவு, எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்கியிருக்கிறது, எல்லாம் அதில் இருக்கும். அவன் சொல்லச் சொல்ல மனைவி எழுதுவாள். அவன் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும்; அவளுடையதோ அச்சடித்தது போல. தன் பட்டறையிலிருந்து தப்பான சீட்டு ஒன்றுகூட வெளியே போனதில்லை என்பதில் அவனுக்கு அப்படியொரு பெருமை.

ஆனால் ஊரில் யாரும் அவளைச் சீட்டு எழுதுகிறவளாக நினைக்கவில்லை. அவள் கார் ஓட்டுகிறவள். வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே இருக்கும் மலைச் சாலையை அடைத்துவிட்டுப் பந்தயம் நடத்துவார்கள். மூன்றரை கிலோமீட்டர், பதினான்கு வளைவு. கார்கள் ஒவ்வொன்றாக ஏற வேண்டும். குறைந்த நேரத்தில் ஏறுகிறவருக்குக் கோப்பை. அவர்களுடைய சின்ன வெள்ளைக் காரில் அவள் நாலு முறை ஜெயித்திருக்கிறாள். மற்றவர்கள் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டு மேலே போவார்கள். அவள் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டு வருகிற மாதிரி போவாள். இறங்கி வந்ததும் எந்த வளைவில் எந்த கியர், எங்கே கால் ஒரு நொடி தாமதித்தது என்று ஒரே மூச்சில் ஒப்பிப்பாள். தன் கையையும் காலையும் அவள் அவ்வளவு நம்பினாள். அவளிடமிருந்து கடைசியில் பறிபோனது அந்த நம்பிக்கைதான். பறித்தவன் வேறு யாரும் இல்லை, அவளைக் கட்டிக்கொண்டவன்.

ஐந்தாவது முறை ஏறியபோது பழைய எஞ்சினின் கனெக்டிங் ராடு உடைந்து, எஞ்சினின் பக்கச் சுவரைப் பொத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. புது எஞ்சின் கூட்ட மைக்ரோவுக்கு ஒரு வருடம் பிடித்தது. வந்தவர்கள் வேலையை எல்லாம் முடித்த பிறகுதானே சொந்த வேலை? அந்த ஒரு வருடமும் அவள் பந்தயக் காரைத் தொடவில்லை. கடைசியில் எல்லாம் தயாராகி, பாக்கி நின்றது கேம்ஷாஃப்ட் மட்டும்.

கேம்ஷாஃப்ட் என்பது முட்டை வடிவப் புடைப்புகள் கொண்ட ஒரு தண்டு. அது சுற்றும்போது அந்தப் புடைப்புகள் வால்வுகளைத் தள்ளித் திறக்கும். எஞ்சின் மூச்சு வாங்குவதும் விடுவதும் அப்படித்தான். வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பதை டிகிரியில் சொல்வார்கள். கேம் அரைத்துக் கொடுக்கிறவர் இரண்டை அனுப்பியிருந்தார், பார்த்துவிட்டு வேண்டாததைத் திருப்பி அனுப்பலாம் என்று. ஒன்று இருநூற்று அறுபத்து நாலு டிகிரி, இன்னொன்று முந்நூறு. சின்ன கேம், விடிந்ததும் வேலைக்குக் கிளம்பிவிடுகிற ஆள். அடியிலிருந்தே இழுக்கும், உச்சியில் கொஞ்சம் சோர்ந்துபோகும். பெரியது, மூன்று காப்பி உள்ளே போகும்வரை யாரோடும் முகம் கொடுத்துப் பேசாத ஆள். நிமிடத்துக்கு நாலாயிரத்து ஐந்நூறு சுற்றுக்குக் கீழே இருமிக்கொண்டே கிடக்கும். அதைத் தாண்டிவிட்டால் கையில் பிடிக்க முடியாது.

இரண்டு பெட்டியையும் கொண்டுவந்து சமையலறை மேஜைமேல் வைத்தான். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“சின்னதப் போடுங்க,” என்றாள், தலையைத் தூக்காமலேயே.

“இன்னும் பெட்டியவே தெறக்கல நீ.”

“தெறந்து என்ன பாக்கறது? ஏழாவது வளைவும் பதினொண்ணாவது வளைவும் எப்படி மடங்குதுன்னு எனக்குத் தெரியும். அங்க வண்டி கிட்டத்தட்ட நின்னு எழும். அப்ப எனக்கு அடியில இழுவை வேணும். உச்சியில வர்ற பவர வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? அந்த மலையில நேர் ரோடு எங்க இருக்கு?”

“பெருசுல பதினாலு குதிரை சக்தி கூட வரும்மா.”

“வரட்டும். பதினாலு குதிரையும் என் தம்பி போர்டுலதான் மேயும்.”

சுருக்கென்று பட்டது மைக்ரோவுக்கு. அவள் தம்பி, எஞ்சினின் சக்தியை அளக்கிற டைனோ மெஷின் வைத்திருந்தான். எஞ்சினை மட்டும் அதில் மாட்டி ஓட்டினால் திரையில் கோடு வரைந்து காட்டும். அந்த அறையின் சுவரில் ஒரு கரும்பலகை. ஊரில் கூட்டப்பட்ட எஞ்சின்களில் எது அதிக சக்தி காட்டியதோ அதன் எண்ணும், அதைக் கூட்டியவன் பெயரும் சாக்பீஸில் வரிசையாக இருக்கும். மைக்ரோவின் பெயர் மூன்றாவது இடத்தில் ஆறு வருடமாகக் காய்ந்துகொண்டிருந்தது. முதலிடத்தில் இருந்தவன் ஊரின் மறுகோடியில் பட்டறை வைத்திருப்பவன். அவன் மைக்ரோமீட்டரைப் பாக்கு வெட்டி மாதிரி பிடிப்பவன் என்பது மைக்ரோவின் தீராத எரிச்சல்.

கேம் விஷயம் அன்றைக்கே முடிந்துவிட்டதாக அவள் நினைத்தாள். மறுநாள் காலையில் திருப்பி அனுப்ப வேண்டிய பெட்டியைக் கட்ட உட்கார்ந்த மைக்ரோ, சின்னதை எடுத்துக் கட்டினான். கை தவறிச் செய்ததல்ல. தெரிந்தே செய்தான். எண்ணைக் கேட்டு மிரளுகிறாள், காலடியில் அந்தச் சக்தியை உணர்ந்தால் தானாகவே பிடித்துப்போகும், கோப்பையை வாங்கிக்கொண்டு வந்த பிறகு சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். கரும்பலகையைப் பற்றி மட்டும் தனக்குக்கூட அவன் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. அன்றைக்குச் சாப்பிடும்போது “அனுப்பியாச்சா?” என்று அவள் கேட்டாள். “பெருச அனுப்பிட்டேன்” என்றான். அது முதல் பொய்.

எஞ்சினை டைனோவில் ஏற்றிய அன்று மைத்துனன் திரையைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான்.

“மாமா, அக்கா இதையா கேட்டாங்க?”

“நம்பர் என்ன, அதச் சொல்லு.”

“நம்பர் எல்லாம் எகிறிடுச்சு. கீழ ஒண்ணுமே இல்லையே மாமா. நாலாயிரம் வரைக்கும் கோடு படுத்துக் கெடக்குது பாருங்க. இத வெச்சுக்கிட்டு அக்கா அந்த மலையில எப்படி…”

“அக்காகிட்ட நீ எதுவும் வாயத் தெறக்காத. நானே சொல்லிக்கறேன்.”

“சத்தியமா சொல்லிடுங்க மாமா. அப்புறம் என் தலைய உருட்டாதீங்க.”

சாக்பீஸை எடுத்து முதலிடத்தில் மாமாவின் பெயரை எழுதினான். மைக்ரோ கைகட்டிக்கொண்டு அதன் எதிரில் நின்றான். போகிறபோது வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு முறை பார்த்தான்.

எஞ்சினைக் காரில் பொருத்தி முடித்தபோது பந்தயத்துக்கு நாலு நாள்தான் இருந்தது. அவள் ஸ்டார்ட் செய்தாள். கார் நின்ற இடத்திலேயே குலுங்கியது, கண்ணாடி நடுங்கியது.

“ஏங்க, ஐட்லிங் ஏன் இப்படிக் குதிக்குது?”

“கார்புரேட்டர் புதுசு. இன்னும் செட் ஆகல.” இரண்டாவது பொய்.

தெருவில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தாள். முகத்தில் ஒரு யோசனை. எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

“அடியில இழுக்கவே மாட்டேங்குது. சின்ன கேம்னா இப்படியா இருக்கும்?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பட்டறையில் மூன்றாம் மனிதர் இல்லை. அவமானம் என்றால்கூட அவர்கள் இரண்டு பேருக்குள் முடிந்துபோகிற அவமானம். மைக்ரோ துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

“எஞ்சின் புதுசு, டைட்டா இருக்கு. நீயும் ஒரு வருஷமா ஓட்டல இல்ல? கை கொஞ்சம் விட்டுப்போயிருக்கும்.”

மூன்றாவது பொய் இது. மற்ற மூன்றும் இரும்பைப் பற்றிய பொய்கள், பிரித்து மாற்றினால் சரியாகிவிடும். இது அவளைப் பற்றியது. இதைச் சொன்ன வாயை அவன் பிற்பாடு எத்தனை முறை நொந்துகொண்டானோ தெரியாது. ஆனால் சொன்ன நேரத்தில் அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பேச்சு திசை மாறியதே என்று நிம்மதியாகத்தான் இருந்தது. அவள் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். “இருக்கும்,” என்றாள்.

பந்தய நாளில் அவளுடைய முதல் ஏற்றம் இரண்டு நிமிடம் இருபத்தாறு நொடி. அவளுடைய சொந்த ரெக்கார்டு இரண்டு பத்தொன்பது. ஏழு நொடி என்பது அந்த மலையில் ஏழு ஊர் தூரம். மைக்ரோ கீழே, கார்கள் காத்திருக்கும் இடத்தில் நின்றிருந்தான். கரும்பலகையைப் பார்த்தவர்கள், கேள்விப்பட்டவர்கள் எல்லாம் வந்து கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே கூட்டத்துக்குள் வந்து, அவன் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

“ஏழாவதுல வண்டி அப்படியே செத்துப்போச்சு. காலை அழுத்தறேன், எழவே மாட்டேங்குது. எஞ்சின்ல ஏதாவது இருக்கா? நெஜமாச் சொல்லுங்க.”

நிஜமாகச் சொல்லுங்கள் என்றுதான் கேட்டாள். அடுத்த ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. கைகுலுக்கிய ஆட்கள் இன்னும் இரண்டடி தூரத்தில் நின்றிருந்தார்கள், மறுகோடிப் பட்டறைக்காரனும் அவர்களில் ஒருவன்.

“எஞ்சின் நல்லாத்தான் இருக்கு,” என்றான் மைக்ரோ. நாலாவது.

“அப்ப நான்தான்,” என்றாள் அவள்.

இரண்டாவது ஏற்றத்தில் அவள் தன்னைத்தானே விரட்டிக்கொண்டு போனாள். பதினொன்றாவது வளைவின் நடுவில் அதுவரை தூங்கிக்கொண்டிருந்த எஞ்சின் திடீரென்று விழித்துக்கொண்டது. பின் சக்கரங்கள் பிடி விட்டன. கார் இரண்டு சுற்றுச் சுற்றி, அடுக்கி வைத்திருந்த டயர்களில் போய் மோதி நின்றது. காருக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, அவளுக்குச் சிராய்ப்புக்கூட இல்லை. மைக்ரோ மூச்சிரைக்க மேலே ஓடியபோது அவள் சாலையோரத் தடுப்புக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். இருபது வருடத்தில் அவள் அழுது அவன் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறான். அன்றைக்கும் அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை அவனுக்கு வாய் திறந்திருக்கும்.

“கை போயிடுச்சுங்க,” என்றாள், வானிலை சொல்கிற மாதிரி.

மறுநாள் அவன் ஒரு திட்டம் போட்டான். சின்ன கேமை மறுபடி வரவழைத்து, அவளுக்குத் தெரியாமல் மாற்றிவிடுவது. அடுத்த முறை ஓட்டினால் பழைய நேரம் வந்துவிடும், எல்லாம் சரியாகிவிடும். பொய்யைப் பொய்யாலேயே கழுவிவிடலாம் என்கிற திட்டம். வேலை சுத்தமாக முடிந்திருக்கும், அவன் கை அப்படி. ஆனால் அதற்கு அவள் காரில் ஏற வேண்டுமே. அவள் ஹெல்மெட்டைப் பழைய தலையணை உறையில் போட்டுப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். அடுத்த மாதம் ஒரு டிரைவிங் ஸ்கூலில் வேலைக்குச் சேர்ந்தாள். தினமும் காலையில் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கில் கால் வைத்தபடி, மணிக்கு இருபது கிலோமீட்டரில் போனாள்.

வெள்ளைக் கார் பட்டறையின் மூலையில் போர்வைக்கடியில் கிடந்தது. மைக்ரோ வேலைகளுக்கு நடுவே அந்தப் பக்கம் பார்க்காமலிருக்கப் பழகிக்கொண்டான். சொல்லிவிடலாம் என்று பலமுறை கிளம்பினான். சாப்பாட்டு நேரம் என்றால் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று தோன்றும். சிரித்துப் பேசிக்கொண்டிருந்தால் நல்ல நாளைக் கெடுப்பானேன் என்று தோன்றும். களைத்து வந்திருந்தால் கேட்கவே வேண்டாம். இப்படியே நாள் தள்ளிப்போனதில், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்கிற கேள்வி சொல்ல வேண்டிய விஷயத்தைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது.

மூன்றாவது வருட முடிவில் அவளே சொன்னாள், காரை விற்றுவிடலாம் என்று. “ஓட்டாத வண்டி எதுக்கு வீட்ல? ஒவ்வொரு தடவையும் தாண்டிப் போக வேண்டியிருக்கு.” வாங்க வந்தவர் ஒரு பல் டாக்டர். ஐம்பது வயதுக்குமேல் பந்தய ஆசை பிடித்தவர். மலைப் பந்தயத்தில் அடுத்த வருடம் எப்படியாவது கலந்துகொள்ள வேண்டும் என்றார். சனிக்கிழமை வந்து எடுத்துப் போகிறேன், எஞ்சினின் விவரச் சீட்டு மட்டும் தயாராக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை மாலை அதே சமையலறை மேஜையில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அவன் சொன்னான், அவள் எழுதினாள்.

“கம்ப்ரெஷன் பத்தரை.”

“ம்.”

“எக்ஸாஸ்ட் வால்வு முப்பத்தி மூணு மில்லிமீட்டர்.”

“ம். அடுத்தது கேம். அது எனக்கே தெரியும்,” என்று அவன் வாயைப் பார்க்காமலேயே இருநூற்று அறுபத்து நாலு என்று எழுதினாள்.

மைக்ரோ அந்த எண்ணைப் பார்த்தான். அச்சடித்தது போன்ற அழகான எண். அந்தச் சீட்டு டாக்டர் கைக்குப் போகும், நாளைக்கு அவர் வால்வு சரிசெய்யக் கொடுக்கிற இடத்தில் எவனாவது மூடியைத் திறந்து அளந்து பார்ப்பான், மைக்ரோ பட்டறைச் சீட்டே பொய் என்று சொல்வான்.

“அது இல்ல,” என்றான்.

“எது இல்ல?”

“முந்நூறு. பெருசத்தான் போட்டேன்.”

பேனா காகிதத்தின்மேல் அப்படியே நின்றது. அவன் நிறுத்தாமல் எல்லாவற்றையும் கொட்டினான். திருப்பி அனுப்பிய பெட்டி, கார்புரேட்டர், கரும்பலகை, மலையடியில் நின்ற ஆட்கள். கடைசியில், “அந்த வார்த்தைய நான் சொல்லியிருக்கவே கூடாது,” என்றான்.

“எந்த வார்த்தை?”

அவள் அதை அவன் வாயாலேயே கேட்க விரும்பினாள். “கை விட்டுப்போயிருக்கும்னு சொன்னது,” என்றான்.

“தம்பிக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அதான் அவன் இந்தப் பக்கமே எட்டிப் பாக்கறதில்ல. பாவம், நான் அவன் பொண்டாட்டியக் கொறை சொல்லிட்டிருந்தேன், அவதான் விடலன்னு.” பேனாவை மூடினாள். “எங்கிட்டச் சொல்றதுக்கு மூணு வருஷமா வாய் வரல உங்களுக்கு. பல் டாக்டருக்குத் தப்பான சீட்டு போகுதுன்னதும் வந்துடுச்சு.”

அவள் கத்துவாள், தட்டை எடுத்து எறிவாள் என்று மூன்று வருடமாக அவன் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தான். அவளோ சீட்டைப் பின்பக்கம் திருப்பி, பேனாவை மறுபடி திறந்து, ஒரு கோடு வரைய ஆரம்பித்தாள். கோடு வளைந்து வளைந்து மேலே போனபோதுதான் அது மலைச் சாலை என்று அவனுக்குப் புரிந்தது.

“எத்தனையில இழுக்க ஆரம்பிக்கும்?”

“நாலாயிரத்து ஐந்நூறு.”

“எது வரைக்கும்?”

“ஏழாயிரத்து இருநூறு.”

“ஏழாவதுல நான் ரெண்டாவது கியர்ல போனேன். மூவாயிரம்தான் இருந்திருக்கும். செத்துத்தான் போகும். ஒண்ணாவதுக்கு எறக்கியிருக்கணும்.” அந்த வளைவின் பக்கத்தில் ஒன்று என்று எழுதினாள். “பதினொண்ணுல நடுவுல நாலாயிரத்து ஐந்நூறத் தொட்டிருக்கு, அதான் மொத்தமா வந்து தூக்கிப் போட்டுச்சு. தெரிஞ்சிருந்தா வண்டி நேரானப்புறம் மிதிச்சிருப்பேன்.” எட்டு, ஒன்பது, பத்து என்று எல்லா வளைவுக்கும் போனாள். மூன்று வருடத்துக்கு முன் இரண்டே தடவை ஏறிய ஏற்றம் அங்குலம் அங்குலமாக அவள் தலைக்குள் அப்படியே இருந்தது. பதினான்காவதை முடித்துவிட்டுக் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். ஏறிப் பார்க்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

“ரெண்டு பதினெட்டு வந்திருக்கும்,” என்றாள்.

அவளுடைய ரெக்கார்டைவிட ஒரு நொடி குறைவு. “பெரிய கேம்லயா?” என்றான் மைக்ரோ.

“பெரிய கேம்லதான். நான் கேட்டது அது இல்ல. ஆனா ஓட்ட முடியாத கேம் இல்லைங்க அது. உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.”

மூன்று வருடமாக மைக்ரோ வருந்திக்கொண்டிருந்தது தப்பான கேமைப் போட்டதற்காக. தூக்கம் வராத நேரங்களில் அந்தச் சின்னப் பெட்டியைக் கட்டிய கையைத்தான் திட்டிக்கொள்வான். கேமே பாவம், அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. எதையெல்லாமோ மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை அளக்கத் தெரிந்தவனுக்கு, தான் செய்தது எவ்வளவு என்று அந்த மேஜையில்தான் தெரிந்தது.

“விக்க வேண்டாம்மா,” என்றான். “டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன். எந்த கேம் வேணும்னு சொல்லு, ரெண்டு நாள் வேலை. நீ ஓட்டு. உன் கை போகல. அன்னிக்கும் போகல.”

“அன்னிக்குப் போகல,” என்றாள் அவள். “இப்பப் போயிடுச்சு. மூணு வருஷம் பக்கத்து சீட்ல உக்காந்து அடுத்தவங்க பிரேக்கை மிதிச்சிட்டிருந்திருக்கேன். முந்தாநேத்து ஒரு பொண்ணு கொஞ்சம் வேகமா திருப்பினா, எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது. எனக்கு!” அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. “நாப்பத்தி மூணு வயசுல விட்டத நாப்பத்தி ஆறுல புடிக்க முடியாதுங்க அந்த மலையில. அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.”

அவனுக்கும் தெரியும். இல்லை என்று சொன்னால் அது ஐந்தாவதாகிவிடும். அவள் வேறொரு காகிதம் எடுத்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் பிரதி எடுத்து, கேமுக்கு நேரே முந்நூறு என்று எழுதினாள். பிறகு எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

சனிக்கிழமை காலையில் பல் டாக்டர் காரை ஏற்றிக்கொண்டு போக டிரெய்லரோடு வந்தார். புது மாப்பிள்ளை மாதிரி முகமெல்லாம் சிரிப்பு. மைக்ரோ போர்வையை எடுத்து, பேட்டரியை மாட்டி, ஸ்டார்ட் செய்து காட்டினான். கார் நின்ற இடத்திலேயே குலுங்கியது. டாக்டரின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது.

“இப்படித்தான் ஆடுமா?”

மைக்ரோ வாயைத் திறப்பதற்குள் அவள் வீட்டிலிருந்து வந்துவிட்டாள். கையில் சீட்டு.

“பெரிய கேம் டாக்டர். ஆடத்தான் செய்யும், பயப்படாதீங்க. இதுல ஒரே ஒரு விஷயம் தெரிஞ்சுக்கிட்டா போதும்.” கதவைத் திறந்து அவரை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தாள். தான் வெளியே நின்று குனிந்து, டயலில் நாலாயிரத்து ஐந்நூறு இருக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். “முள்ளு இதுக்குக் கீழ எறங்கிச்சுன்னா எஞ்சின் உங்களோட பேசாது. அதனால ஏழாவது வளைவுல கூச்சப்படாம ஒண்ணாவது கியருக்கு வந்துடுங்க. எல்லாரும் ரெண்டாவதுல போவாங்க, நீங்க போகாதீங்க. பதினொண்ணுல வண்டி நேராகற வரைக்கும் காலை அழுத்தாதீங்க. பவர் மெதுவா வராது, ஒரே மூட்டையா வந்து விழும். அது வரும்னு தெரிஞ்சு காத்துக்கிட்டிருந்தீங்கன்னா, அதவிட சொகம் இல்ல.”

டாக்டர் மருந்து எழுதுகிற தன் சின்னத் தாளை எடுத்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். ஒன்றிரண்டைத் திருப்பிக் கேட்டார். அவள் பொறுமையாகத் திருப்பிச் சொன்னாள். கியர் மாற்றுகிற இடத்தைச் சொல்லும்போது அவள் இடது கை காற்றில் தானாக அசைந்தது. மைக்ரோ ஸ்பானர்கள் தொங்கும் சுவரோரமாக நின்று, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

காரை டிரெய்லரில் ஏற்றிக் கட்டினார்கள். டாக்டர் சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, இரண்டு பேருக்கும் இரண்டு முறை நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினார். தெருமுனையில் டிரெய்லர் திரும்பி மறையும்வரை அவர்கள் வாசலில் நின்றார்கள்.

“பாத்தீங்களா,” என்றாள் அவள், தெருவைப் பார்த்தபடியே. “எல்லாத்தையும் சொல்லி முடிக்க அஞ்சு நிமிஷங்கூட ஆகலைங்க.”

டிரைவிங் ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளே போனாள்.